அருவி: செவி இட்ட பெயர்

மலையிலிருந்து இறங்கி வரும் நீருக்குத் தமிழ் இட்ட பழைய பெயர் அருவி. இலங்கைப் பாடநூல்களில் இன்று அதன் இடத்தில் நீர்வீழ்ச்சி இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்துத் தீவுகளில் அருவி என்ற ஒலி மறையவில்லை. மலையும் ஆறும் இல்லாத வேலணையிலும் புங்குடுதீவிலும் தை, மாசி மாதங்களில் அந்தச் சொல் வயல்வெளியில் கேட்கும். விளைந்த நெல்லை அரிவதற்கு அங்கே 'அருவி வெட்டு' என்று பெயர். வெட்டும்போது பாடப்படுபவை அருவி வெட்டுப் பாடல்கள்.

ஒரே ஒலியில் இரண்டு பொருள் கிடப்பதால் இரண்டையும் முடிச்சுப்போடும் ஆசை எழுவது இயல்பு. அரிந்த கதிர் சாய்வதும் மலைநீர் சாய்வதும் ஒன்றுதானே என்று உவமை சொல்லி ஒப்பேற்றிவிடலாம். அது சொல்லாராய்ச்சி ஆகாது. வயலில் வழங்கும் அருவி, அரி என்ற வினையடியில் பிறந்தது. அரிந்தெடுத்த நெற்கதிர்ப் பிடி அரிவி. பேச்சில் நடு இகரம் உகரமாகி அருவி ஆயிற்று. அரிவாள், அரிதாள் எல்லாம் அந்தக் குடும்பம். மலையருவிக்கு இந்த உறவு கிடையாது. சங்க நூல்களில் அது தொடக்கம் முதல் அருவிதான். அரிவி என்ற பழைய வடிவம் அதற்கு இல்லை.

இதைவிடப் பரவலானது இன்னொரு விளக்கம்: மலையை அறுத்துக்கொண்டு வருவதால் அருவி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அறு என்பதில் உள்ளது வல்லின றகரம். அருவியில் உள்ளது இடையின ரகரம். இரண்டையும் தெளிவாக வேறுபடுத்தி ஒலிக்கும் மலையாளத்தில் அறுக்குக என்பதற்கு றகரமும் அருவிக்கு ரகரமும் நிற்கின்றன. தமிழ் ஏடுகளில் யாரோ எழுத்தை மாற்றி எழுதிவிட்டார்கள் என்றால், அதே பிழையை மலையாளியும் ஏன் செய்தான்? கரையை அறுத்துச் செல்வதால் ஆறு என்று சொல்வோருக்கு அங்கே ஓரளவு பிடிமானம் உண்டு, அதில் றகரம் இருக்கிறது. அந்தப் பிடிமானத்தை அருவிக்கும் இழுத்துப் போர்த்த இடமில்லை.

சொல் உருமாறிய வழியைக் காட்டுவதில் மலையாளத்தைவிடக் கன்னடமும் துளுவும் கூடுதல் உதவி செய்கின்றன. துளுவில் அருவிக்குப் பெயர் அர்பி. கன்னடத்திலும் குடகு மொழியிலும் அப்பி. நம் வகரம் கன்னடத்தில் பகரமாகும்: வேர் அங்கே பேரு, வில் பில்லு. சொல்லுக்கு நடுவே நிற்கும் ரகரம் அடுத்த மெய்யோடு ஒட்டிக் கரைவதும் கன்னடத்தில் வழக்கம். நம்முடைய கரும்பு அங்கே கர்பு ஆகிப் பின்னர் கப்பு ஆனது. அருவி, அர்பி, அப்பி என்ற வரிசையும் அப்படியே. மடிக்கேரிக்கு அருகே உள்ள அப்பி அருவியை ஆங்கிலேயர் காதில் வாங்கித் தங்கள் மொழியில் கிறித்தவ மடத்தைக் குறிக்கும் 'அபே' என்று எழுதினர். அதைப் பார்த்து அங்கே ஏதோ மடம் இருந்ததாக எண்ணுவோர் இன்றும் உண்டு. மடமும் இல்லை, துறவியும் இல்லை; அருவி என்ற சொல்தான் அங்கே வேடம் மாறி நிற்கிறது.

அப்படியானால் அடிச்சொல் எது? அர் என்னும் ஒலிக்குறிப்பு வேரே பொருத்தமானது. தமிழில் அரற்று, ஆர்ப்பு, ஆரவாரம், கன்னடத்தில் உரக்கக் கத்துவது அரசு, தெலுங்கிலும் அரசு. இந்த இரண்டு மொழிகளின் 'அரசு' என்பதைத் தமிழின் ஆட்சிச் சொல்லோடு குழப்பக்கூடாது. அங்கே அது சகரம் அழுந்தி ஒலிக்கும் வினை. ஆர், அரு என்று நெடிலும் குறிலும் மாறி வருவதும் தமிழுக்குப் புதிதன்று. அரிய உயிர் ஆருயிர், அரிய பொருள் அரும்பொருள். ஆகவே ஆர்ப்பரிக்கும் நீர் அருவி. கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்கு எட்டும் நீர் அது. காட்டுப் பாதையில் திருப்பம் தாண்டுமுன்பே 'இதோ வந்துவிட்டது' என்று நடப்பவர் சொல்வது ஒலியை வைத்துத்தான்.

சங்கப் புலவர் அருவியைச் சொல்லும் இடங்களில் ஒலி விடாமல் கூடவே வருகிறது. திருமுருகாற்றுப்படை பழமுதிர்சோலை மலையின் அருவியோடு முடிகிறது. நக்கீரர் அது இறங்கும் ஒலிக்கென்றே ஒலிக்குறிப்புச் சொல் ஒன்றை அங்கே வைத்திருக்கிறார். கூத்தராற்றுப்படைக்கு மலைபடுகடாம் என்று பெயர் வந்ததே மலையில் எழும் ஓசைகளால்; அந்த ஓசைகளில் அருவியின் ஓசையும் ஒன்று. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் தலைவியும் தோழியும் அருவியில் ஆடிவிட்டுப் பூக்கொய்யப் போகிறார்கள். நூல் வழக்கை விட்டு ஊர் வழக்குக்கு வந்தால் குற்றாலம் ஒன்றே போதும்: பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி, தேனருவி, புலியருவி. அங்கே குளிக்கப் போகும் எவரும் அருவி என்ற சொல்லைப் புலவர் சொல்லாக நினைப்பதில்லை.

தீவகத்துக்குத் திரும்பினால், அங்கே நீர் மேலிருந்து வருவதில்லை, அடியில் கிடக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, வேலணைத்தீவு மூன்றும் சுண்ணக்கல்லும் பவளக்கல்லும் சேர்ந்த தட்டை நிலம். மாரி மழை கல்லின் துளைகளில் இறங்கி, கனத்த உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கும். அதை அளவுக்கு மேல் இறைத்தால் கிணறு உவராகிவிடும். ஆகவே தீவாரின் நீர்ச்சொற்கள் கிணறு, துரவு, கேணி, குளம் என்று எல்லாமே பள்ளத்தைக் குறிப்பவை. மணிமேகலை கூறும் மணிபல்லவத்தை நயினாதீவு என்று கொள்வோர் பலர். அந்தக் காப்பியத்திலும் அமுதசுரபி மேலே வந்தது கோமுகி என்ற பொய்கையிலிருந்து. குடாநாட்டின் வடகரையில் மலை என்ற பெயரோடு கீரிமலை இருக்கிறது. அங்கும் ஊற்று நீர் கேணியில் சுரக்கிறதே தவிர உயரத்திலிருந்து இறங்குவதில்லை.

ஆயினும் மலைநாட்டு நீருக்குரிய இரண்டு சொற்கள் தீவு வீடுகளில் குடியிருக்கின்றன. ஒன்று பீலி. கூரை நீரை ஏந்தித் தொட்டிக்குக் கொண்டுபோகும் தகரத் தவாளிப்பு யாழ்ப்பாணத்தில் பீலி. மலையகத் தோட்டங்களில் ஓடைநீர் குழாய்வழி விழ, மக்கள் குளிக்கும் இடம் பீலிக்கரை. மற்றது தூவானம். காற்றில் மழைத்துளி தாழ்வாரத்துக்குள் சாய்ந்தடித்துப் பாயை நனைக்கும்போது 'தூவானம் அடிக்குது' என்பார்கள். கேரளத்துச் சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்தில் பாம்பாற்றின் மேல் உள்ள அருவிக்கும் அதுவே பெயர்: தூவானம்.

மலைச்சொல் சமவெளிக்கு இறங்கி வந்த வழியை மன்னார் காட்டுகிறது. சிங்களத்தில் மல்வத்து ஓயா என்று வழங்கும் ஆற்றுக்கு அங்கே தமிழில் அருவி ஆறு என்று பெயர். சுமார் 164 கிலோமீற்றர் நீளம். மகாவலிக்கு அடுத்த நீண்ட ஆறு. அனுராதபுரத்தைக் கடந்து, கட்டுக்கரைக் குளத்துக்கு நீர் கொடுத்து, அரிப்புக்கு அருகே கடலில் சேர்கிறது. மன்னார்ப் பகுதியில் அது தட்டை நிலத்து ஆறு. பெயர் பெற்ற வீழ்ச்சி ஒன்றும் அங்கே இல்லை. நெல்வயலுக்குப் பாய்வதால் அருவி வெட்டின் அருவிதான் இது என்று எண்ணத் தோன்றும். அப்படிக் கொள்ளத் தேவையில்லை. ஆற்றைத் தலைமாட்டிலிருந்து பார்த்தால் பெயர் விளங்கும். அதன் ஊற்றுநீரில் ஒரு பங்கு ரிட்டிகலை மலையிலிருந்து வருகிறது. 766 மீற்றர் உயரமான அந்த மலை, வறண்ட வடசமவெளியின் நடுவில் ஈரக்காட்டைத் தலையில் சுமந்து நிற்கிறது. 1941 முதல் அது கடுங்காப்பு இயற்கை ஒதுக்கிடம். கார்த்திகை, மார்கழியில் அங்கு பெய்யும் மழை ஓடைகளாக இரைந்து இறங்கி நாச்சதுவைக் குளத்தை நிறைக்கிறது. மலையில் பெற்ற பெயரையே நீர் கடல் வரை சுமந்து வந்திருக்கலாம். மலையாளத்தில் இன்று சிற்றோடையும் அருவிதான். உயரத்திலிருந்து விழுவதை அவர்கள் வெள்ளச்சாட்டம் என்கிறார்கள். மன்னாரும் கேரளமும் தனித்தனியே ஒரே வழியில் போயிருப்பதால், விழுதல் இந்தச் சொல்லின் கருப்பொருள் அன்று என்பது உறுதிப்படுகிறது.

நீர்வீழ்ச்சியோ விழுதலை மட்டுமே சொல்லும் மொழிபெயர்ப்புச் சொல். மழைவீழ்ச்சி, விலைவீழ்ச்சி என்ற வரிசையில் அது நிற்கிறது. வீழ் என்ற வினை பழந்தமிழ்தான், அதில் குறை இல்லை. நீரை ஓர் அளவையாக, ஒரு காட்சியாக ஆக்குவதுதான் குறை. 1988 இல் தேசியப் பூங்காவாகி, 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த ஹோர்ட்டன் சமவெளியில், சாமுவேல் பேக்கரின் பெயரால் வழங்கும் அருவி பெலிஹுல் ஓயாவில் இருக்கிறது. அதன் உயரம் ஏறத்தாழ 20 மீற்றர் மட்டுமே. அளவை வைத்துப் பார்த்தால் 263 மீற்றர் பம்பரகந்தை அருவிக்கு முன் அது ஒன்றுமில்லை. ஆனால் அதைச் சுற்றி நிற்கும் குட்டை மரங்கள் முகிலைப் பிடித்துப் பாசியில் தேக்கி, சொட்டுச் சொட்டாக மண்ணுக்கு விடுகின்றன. மழை ஓய்ந்த நாளிலும் ஓடை வற்றாதிருக்க இந்தக் காடு துணை. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தலைநீர் அந்தப் பகுதியில்தான் சேர்கிறது. அங்கே புல்வெளியில் மேயும் பெரிய மானை ஈழத்தார் மரை என்று சங்கச் சொல்லாலேயே அழைக்கிறார்கள். மரையைக் காத்துவைத்த பேச்சு அருவியை நழுவவிட்டது வருத்தத்துக்குரியது.

தலவாக்கலைக்கு அருகே உள்ள சென் கிளயர் நீர்வீழ்ச்சியின் நீர், 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டத்துக்காகத் திருப்பப்பட்டது. பார்ப்போருக்காகப் பகலில் ஓரளவு நீர் திறந்துவிடப்படுகிறது. பார்வைக்கென்று அளந்து விடும் அந்த நீருக்கு நீர்வீழ்ச்சி என்ற பெயர் பொருந்தும். இரவில் படுத்திருப்பவர் காதிலும் ஓயாமல் இரைந்துகொண்டிருப்பது எதுவோ, அதுவே அருவி.