உலகமுடிவு நம்பிக்கையும் நற்செய்தியும்: திருநெல்வேலிக் கரிசல் வட்டாரம்

வைப்பாற்றங்கரை விளாத்திகுளமும் கோவில்பட்டி, சிவகாசி வட்டாரங்களும் 19ஆம் நூற்றாண்டில் திருநெல்வேலி மாவட்டத்தின் வடபகுதி. கிறிஸ்துவின் இரண்டாம் வருகை எப்போது, எவ்விதம் என்ற எண்ணம் மாறியபோதெல்லாம், சுவிசேஷம் எதற்காக என்ற எண்ணமும் இங்கே மாறியது.

இவ்வட்டாரத்தில் வீரமாமுனிவர் பணியாற்றிய காமநாயக்கன்பட்டியின் கத்தோலிக்கப் போதனையில் மரணம், நடுத்தீர்வை, மோட்சம், நரகம் ஆகியவை முன்நின்றன.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் சபைகளையும் பள்ளிக்கூடங்களையும் கிறிஸ்தவக் குடியிருப்புகளையும் பெருக்கினார். 1854இல் மிஷனரி தாமஸ் ராக்லாந்தும் தோழர்களும் கரிசல் ஊர்களில் கூடாரமிட்டுப் பிரசங்கித்தனர். தெற்கத்திச் சபைகள் தங்கள் செலவில் உபதேசியார்களை மாதமுறை வைத்து அவர்களுடன் அனுப்பிவைத்தது குறிப்பிடத்தக்கது. ராக்லாந்து 1858இல் சிவகாசியில் இறந்தார்.

இரண்டாம் வருகையின் எதிர்பார்ப்புக்கும் ஊழியத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி விரிவான சான்றுகள் கிடைப்பது ஜான் கிறிஸ்தியான் அருளப்பனின் (1810–1867) காலத்துக்குத்தான். ரேனியஸிடம் பயின்ற இவர், பல்மருத்துவத் தொழிலை விட்டு மிஷனரியான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸின் வழியைப் பின்பற்றினார். ஆண்டவர் வருகை அண்மையில் என நம்பிய குரோவ்ஸ், சொத்துச் சேர்ப்பதையும் மிஷன் சம்பளத்தையும் தவிர்த்தவர். அருளப்பனும் அவ்விதமே சம்பளம் வாங்காமல், வத்திராயிருப்புக்கு அருகே கிறிஸ்தியான்பேட்டையில் குடியேறி ஊழியம் செய்தார். 1860இல் அங்கே எழுப்புதல் என்னும் ஆவிக்குரிய விழிப்பு தொடங்கியது. மக்கள் நடுங்கி விழுந்தனர், பாவ அறிக்கை செய்தனர், தரிசனம் கண்டனர், அந்நிய பாஷை பேசினர். சாமானியரும் பெண்களும்கூடக் கூலி எதிர்பாராமல் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தனர். இந்த எழுப்புதல் ஆவியின் செயலா, உணர்ச்சிப் பெருக்கா என்பதில் அன்றைய மிஷனரிகளே ஒன்றுபடவில்லை. வருகையின் எதிர்பார்ப்பு இதற்கு முதற்காரணமா, பல காரணங்களில் ஒன்றா என்பதும் முடிவாகாத கேள்வி. அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் அப்போது நடந்த எழுப்புதல் செய்திகளுக்கும் இதில் பங்குண்டு.

1870களில் திருவிதாங்கூரில் மூண்ட எழுப்புதலை அருளப்பன் வழிவந்த தமிழ் ஊழியர்களோடு சிலர் தொடர்புபடுத்துவர். அங்கே தமிழ்ப் பிராமணராகப் பிறந்து குருவான ஜஸ்டஸ் ஜோசப், கிறிஸ்து 1881இல் வருவார் என 1875இல் அறிவித்தார். அவரைப் பின்பற்றியோர் 'ஆறாண்டுக் கட்சி' எனப்பட்டனர். குறித்த நாள் கடந்தபின் அக்குழு யூயோமயம் என்னும் தனிச் சபையாக நீடித்தது.

20ஆம் நூற்றாண்டில் பெந்தெகொஸ்தே சபைகள் இரண்டாம் வருகையை மீண்டும் முன்னிறுத்தின. 1920களில் இலங்கையில் தோன்றிய பெந்தெகொஸ்தே மிஷனின் ஊழியர்கள், அவ்வருகைக்கு ஆயத்தமாக, திருமண வாழ்வும் சொந்தச் சொத்தும் துறந்து விசுவாச வீடுகளில் இன்றும் கூடி வாழ்கின்றனர்.