மேலே எட்டில் ஒரு பங்கு

அப்பாவின் அறுபதாம் கல்யாணம். திண்டுக்கல் மண்டபத்தின் எல்.இ.டி. திரையில் ஓட்டுவதற்காக, அவர்களுடைய 1989 கல்யாண கேசட்டை டிஜிட்டலாக்கி எடிட்டிங் மென்பொருளில் போட்டேன். திரையின் ஃப்ரேம் 16:9. கேசட் படம் 4:3. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது.

"என்னண்ணே, கால்வாசி ஸ்கிரீன் காலியா கெடக்கு. ஃபில் குடுங்க" என்றான் சித்தப்பா மகன்.

அவன் சொன்ன கணக்கு சரி. கறுப்பு வேண்டாமென்றால் வழி இரண்டுதான். படத்தை அகலவாக்கில் இழுக்கலாம். எல்லார் முகமும் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். அல்லது ஃபில் கொடுத்து, உயரத்தில் கால்பங்கை வெட்டலாம்.

இந்தச் சண்டைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1890களின் தொடக்கத்தில் எடிசனின் ஆய்வகத்தில் டிக்சன், 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படத்துக்கு நான்கு துளை என்று வைத்தார். அதிலிருந்து வந்ததுதான் 4:3. தொலைக்காட்சியும் அதையே எடுத்துக்கொண்டது. வீட்டிலேயே உட்கார்ந்துவிட்ட கூட்டத்தைத் திரும்ப இழுக்க, ஹாலிவுட் 1953இல் 'தி ரோப்' மூலம் சினிமாஸ்கோப்புக்கு விரிந்தது. தமிழில் 1973இல் ஏ.பி.நாகராஜனின் 'ராஜராஜ சோழன்'. அப்படியான படத்தை 4:3 டிவி நிறையக் காட்டினால் அகலத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விடும். இருவர் பேசும் காட்சியில் ரெண்டு மூக்கு மட்டும் மிஞ்சுவதை எங்கள் தலைமுறை டிவியில் பார்த்திருக்கிறது.

1980களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர், புழக்கத்தில் இருந்த வடிவங்களை ஒரே பரப்பளவில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் பொதுவாக வந்த சமரசம் 16:9. அது யாருக்கும் முழுசாகப் பொருந்தாது. சமரசம் என்றாலே அப்படித்தானே.

ஃபில் கொடுத்துப் பார்த்தேன். திரை நிறைந்தது, பார்க்க அழகாகவே இருந்தது. திரும்ப எடுத்தபோதுதான் கவனித்தேன். மணமேடையில் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருக்க, பின்னால் பெண்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கும் பின்னால், தூணோரம், ஃப்ரேமின் மேல்விளிம்பில் ஒரு முகம். அப்பத்தா. தாத்தா இறந்திருந்ததால் மகன் கல்யாணத்தில் மேடையேற விடவில்லை. அவர் அசைந்து நான் பார்த்தது இந்த நாலைந்து விநாடிகளில் மட்டும்தான்.

ஃபில், மேலே எட்டில் ஒரு பங்கையும் கீழே எட்டில் ஒரு பங்கையும் வெட்டுகிறது. மேல் எட்டில் இருந்தது அவர் முகம். படத்தைக் கீழே இறக்கினால் அவர் வருவார். ஹோமகுண்டமும் தாலி எடுத்துக்கொடுக்கும் தட்டும் போய்விடும்.

மென்பொருளுக்கு இதெல்லாம் தெரியாது. நடுவில் இருப்பவர் முக்கியம் என்பது யாரோ என்னைப்போல ஒருவன் எழுதிவைத்த டீஃபால்ட். ஓரத்தில் நிற்பவரை அங்கே நிறுத்தியது மென்பொருள் இல்லை. ஆனால் நான் ஃபில்லை அழுத்தினால், 1989இல் பாதி செய்ததை முழுசாகச் செய்து முடித்திருப்பேன்.

ஃபிட் கொடுத்தேன். தம்பிக்கு முகம் சுருங்கியது.

மண்டபத்தில், கறுப்புப் பட்டைகளோடு, அந்த இடம் வந்தது. மாலையோடு மேடையில் இருந்த அப்பா, அம்மாவின் கையைத் தட்டினார்.

"அந்தா, தூணுகிட்ட எங்கம்மா நிக்குது பாரு."