எந்த அஞ்சு சிவாஜி?

இந்த வாரம் சினிமா வரலாறு. ஆனா படத்தைக் காதால மட்டும் பார்த்தவங்களோட வரலாறு.

கே.கே. நகர்ல எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு அக்கா இருக்காங்க. பிறந்ததுல இருந்தே பார்வை கிடையாது. பேங்க்ல வேலை. அவங்க ஃபோன்ல ஸ்க்ரீன் ரீடர் பேசுற வேகத்துக்கு எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது. திருவிளையாடல் படம் அக்காவுக்கு மனப்பாடம். தருமி தனியா நின்னு புலம்புறதுல ஆரம்பிச்சு நக்கீரர் வாதம் வரைக்கும் ஏத்த இறக்கத்தோட பேசிக் காட்டுவாங்க.

போன வருஷம் ஒரு நாள் பேச்சுவாக்குல, "அந்தக் காலத்துல அஞ்சு சிவாஜியை ஒரே ஃப்ரேம்ல எப்படிக்கா எடுத்திருப்பாங்க?"ன்னு கேட்டேன்.

அக்கா பேச்சை நிறுத்திட்டாங்க. "எந்த அஞ்சு சிவாஜி?"

படம் பார்த்தவங்களுக்குத் தெரியும். பாண்டிய நாட்டுக்கே சவால் விட்டு வந்த ஹேமநாத பாகவதரா பாலையா. பாணபத்திரருக்காக விறகு விக்கிறவனா வந்து திண்ணையில உட்கார்ந்து பாடுற சிவன். டி.எம். சௌந்தரராஜன் குரல், அவரும் நம்ம மதுரைக்காரர்தான். அந்தப் பாட்டுல பாடுறது ஒரு சிவாஜி, வீணைக்கு ஒரு சிவாஜி, புல்லாங்குழலுக்கு ஒருத்தர், மிருதங்கத்துக்கு ஒருத்தர், கொன்னக்கோலுக்கு ஒருத்தர். அதோட, அவர் பாட்டை நிறுத்தினா உலகமே அசையாம நின்னுடும்.

இதைச் சொன்னதும் அக்கா கேட்டது இதான்: "பாட்டு நடுவுல சத்தம் நிக்கும்ல? கேசட் சிக்கிருச்சுன்னு நெனச்சு பென்சிலை விட்டுச் சுத்தியிருக்கேன்டா. இத்தனை வருஷத்துல ஒருத்தரும் சொல்லலையே?"

கோபம்தான் அது. நியாயமான கோபம். இந்த எபிசோடே அதுல இருந்து வந்ததுதான்.

சரி, அக்காவுக்கு அந்தப் படம் எப்படி மனப்பாடம் ஆச்சு? அங்கிருந்து ஆரம்பிப்போம். டிவி வீட்டுக்கு வீடு வர்றதுக்கு முன்னாடி வானொலியில 'ஒலிச்சித்திரம்'னு ஒரு நிகழ்ச்சி. மூணு மணி நேரப் படத்தோட சவுண்ட் ட்ராக்கை வெட்டிச் சுருக்கி, சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒலிபரப்புவாங்க. விவித் பாரதி 1957 அக்டோபர் 3 அன்று தொடங்குச்சு. அதுக்கு முன்னாடியே, 1939ல இருந்து, திருச்சி வானொலி நிலையம் இருந்தது. இன்னொரு பக்கம் இலங்கை வானொலி. நம்ம தாத்தா பாட்டிங்ககிட்ட கேட்டுப் பாருங்க, படம் தியேட்டர்ல ஓடி முடிஞ்ச பிறகும் காதுல ஓடிட்டே இருந்த காலம் அது.

அடுத்து கதை வசன இசைத்தட்டு. பாட்டுக்குத் தனி ரெக்கார்டு வர்ற மாதிரி வசனத்துக்கும் வந்துச்சு, அப்புறம் கேசட் ஆச்சு. 1965ல வந்த திருவிளையாடல் இதுல ராஜா. கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, எதுவா இருந்தாலும் மைக் செட்காரர் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினதும் தருமி வந்துடுவார். மதுரையில நடக்கிற கதை, மதுரைத் தெருவுல ஒலிக்குது. ஊரே படத்தைக் காதால கேட்டதால, பார்க்க முடியாதவங்களும் முடிஞ்சவங்களும் அந்த நேரத்துல ஒரே வரிசையில உட்கார்ந்திருந்தாங்க. யாரும் திட்டம் போட்டுச் செய்யல.

இது வேலை செஞ்சதுக்கு ஒரு காரணம் இருக்கு. இயக்குநர் ஏ.பி. நாகராஜன் நாடக மேடையில இருந்து வந்தவர். நாடகத்துல கடைசி வரிசை ஆளுக்கு முகம் தெரியாது. அதனால யார் வர்றா, என்ன கோபம், எல்லாமே வசனத்துல வந்தாகணும். அந்தப் பழக்கம் சினிமாவுக்கும் வந்தது. "ஓவரா வசனம் பேசுறாங்க"ன்னு நாம இன்னைக்குக் கிண்டல் பண்ற அதே விஷயம்தான் அக்காவுக்குக் கதையைக் கொண்டு போய்ச் சேர்த்தது. அவங்க கேட்ட பிறகு நான் அந்தக் கிண்டலைக் குறைச்சுட்டேன்.

ஆனா மாயாஜாலம்னு வந்ததும் இந்த சிஸ்டம் க்ராஷ் ஆகுது. ஏன்னா மாயம் பெரும்பாலும் சத்தம் போடாது. 1957ல தெலுங்குலயும் தமிழ்லயும் வந்த மாயா பஜாரை எடுத்துக்கோங்க. கடோத்கஜனா ரங்காராவ் கல்யாண விருந்தைக் காலி பண்ற காட்சி. லட்டு தானா பறந்து வாய்க்குள்ள போகும். கேமராமேன் மார்கஸ் பார்ட்லி செஞ்ச வித்தை அது. ரேடியோவுல அது ஒரு பாட்டு, ஒரு பெரிய சிரிப்பு, அவ்வளவுதான். வீட்ல குழந்தைங்க எல்லாம் "ஐ!"ன்னு கத்துற அந்த செகண்டுல, பார்வை இல்லாதவங்க மட்டும் "என்னாச்சு?"ன்னு கேட்கணும். பக்கத்துல இருக்கிறவங்க "இரு, அப்புறம் சொல்றேன்"னு சொல்லுவாங்க. அந்த 'அப்புறம்' வர்றதே இல்லை.

இந்த இடைவெளிக்குள்ள பேசுறதுதான் ஆடியோ டிஸ்கிரிப்ஷன். வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவுல கிடைக்கிற ரெண்டு, மூணு செகண்டுல, திரையில என்ன நடக்குதுன்னு ஒரு குரல் சொல்லும். 1940கள்லயே ஸ்பெயின்ல ரேடியோ வழியா படத்தை விவரிச்சுச் சொல்லியிருக்காங்க. அமெரிக்காவுல கிரெகரி ஃப்ரேஸியர்னு ஒருத்தர் பார்வையில்லாத நண்பர்கூட உட்கார்ந்து டிவியில படம் பார்க்கும்போது விவரிச்சுச் சொன்னார். அதையே 1975ல சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துல முதுகலை ஆய்வா எழுதினார். அங்க அவருக்குத் துணையா நின்ன டீன், காட்ஃபாதர் எடுத்த கொப்பலாவோட அண்ணன்.

1981ல வாஷிங்டன்ல அரீனா ஸ்டேஜ் நாடக அரங்கத்துக்கு விவரிப்பு தயார் பண்ணினது மார்கரெட் ஃபான்ஸ்டீல். அவருக்கும் பார்வை கிடையாது. அவர் ஏற்கெனவே பார்வையற்றோருக்காகப் பத்திரிகை வாசிக்கிற ஒரு வானொலிச் சேவை நடத்திட்டிருந்தார். பாருங்க, அங்கயும் ரேடியோதான் வேர். 1990ல பாஸ்டனோட டபிள்யூ.ஜி.பி.எச். டிவி நிலையம் இதை வழக்கமான ஒளிபரப்பாவே ஆக்குச்சு. டிவியில ரெண்டாவது ஆடியோ சேனலுக்கு மாத்தினா விவரிப்போட கேட்கும்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976ல வெறும் 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பிச்ச ஊர் மதுரை. கே.கே. நகர்ல இருந்து நடந்தே போயிடலாம். ஆபரேஷனால சரிபண்ண முடியாதவங்களுக்கும் இந்த ஊர்ல ஒரு வரலாறு இருக்கு. தானும் பார்வையிழந்தவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985ல இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தை இங்கதான் தொடங்கினார். பள்ளிக்கூடம், படிப்பு, வேலை எல்லாம் போராடி வந்துச்சு. சினிமா மட்டும் "அதெல்லாம் எதுக்கு அவங்களுக்கு?" லிஸ்ட்லயே இருந்தது.

சட்டம் என்னவோ தெளிவாத்தான் இருக்கு. 2016ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட 42வது பிரிவு, மின்னணு ஊடகத்துல ஆடியோ டிஸ்கிரிப்ஷனுக்கு அரசு ஏற்பாடு செய்யணும்னு பேர் சொல்லியே எழுதியிருக்கு. ஆனா யாராவது கோர்ட்டுக்குப் போனாத்தானே! 2023 ஜனவரியில, பார்வை, செவித்திறன் குறைபாடு உள்ள சிலர் தொடுத்த வழக்குல, பதான் படத்தோட ஓடிடி வெளியீட்டுக்கு ஆடியோ டிஸ்கிரிப்ஷன் சேர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 மார்ச்ல தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தியேட்டர் படங்களுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டுச்சு. முதல் கட்டம், ஒண்ணுக்கு மேற்பட்ட மொழியில சான்றிதழ் வாங்குற படங்கள். பெரிய பட்ஜெட் படங்கள் பலதும் அந்த வகைதான். டெக்னிக்கலா பெரிய விஷயமும் கிடையாது. ஃபோன் மைக் தியேட்டர் சத்தத்தைக் கேட்டு, படம் எந்த செகண்டுல இருக்குன்னு கண்டுபிடிச்சு, அந்த இடத்து விவரிப்பை ஹெட்ஃபோன்ல ஓட்டும். பாட்டைக் கேட்டுப் பேரைச் சொல்ற ஆப் மாதிரிதான். நெட்கூட வேண்டாம், ஃபைலை முன்னாடியே இறக்கி வெச்சுக்கலாம்.

ஆனா பழைய படங்களுக்கு எந்த உத்தரவும் வராது. அதனால அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் நானே எழுதிப் பார்க்கலாம்னு உட்கார்ந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்கப் போச்சு. பாட்டு மேல பேசக் கூடாது, சும்மா இருக்கிற இடத்துலதான் பேசணும். ஆனா இந்தப் பாட்டுல அமைதிதான் மேஜிக்கே. அதுல நான் புகுந்து பேசினா அந்த மேஜிக்கைக் கெடுக்கிறேன். பேசாம விட்டா, கேசட் சிக்கின கதைதான்.

முதல் வெர்ஷனை அக்காகிட்ட வாசிச்சேன். "பிரமிக்க வைக்கும் வகையில் ஐந்து சிவாஜிகள் தோன்றுகிறார்கள்"னு எழுதியிருந்தேன்.

"பிரமிக்கிறது என் வேலைடா. நீ என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லு"ன்னாங்க.

எட்டாவது வெர்ஷன்ல, முதல் நிறுத்தத்துக்கு முன்னாடி இருந்த ஒரு சின்ன இடத்துல ரெண்டு வார்த்தை மட்டும் வெச்சேன்: "எல்லாம் அசையவில்லை." அப்புறம் நிறுத்தம், முழு அமைதி. என் லேப்டாப்ல ஓட்டினோம். அந்த இடம் வந்தப்போ அக்கா கை பழக்கத்துல டேபிள் மேல எதையோ தேடுச்சு, பென்சிலா இருக்கும். அப்புறம் தானா நின்னுடுச்சு.

பாட்டு முடிஞ்சதும் முதல் கேள்வி: "அஞ்சு பேரும் ஒரே மாதிரியா டிரெஸ் பண்ணியிருக்காங்க?"

நான் திரும்ப ஓட்டிப் பார்த்துட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அத்தனை தடவை பார்த்தும் அதைக் கவனிக்கவே இல்ல.