கழிமுகத்துப் புள் வேட்டை: எண்ணூர் முதல் பழவேற்காடு வரை

வேட்டை என்ற அளவில் குறிஞ்சி நிலமும், வில்லேந்திய கானவரும், வேழமும் பன்றியும் நம் நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயின் மருதமும் நெய்தலும் மயங்கும் கழிநிலத்தும் ஒரு வேட்டை நெடுங்காலம் நிகழ்ந்தது. அது நீர்ப்புள் வேட்டையாகும். சென்னைக்கு வடக்கே இராயபுரம், திருவொற்றியூர் ஆகியவற்றைக் கடந்தால் எண்ணூர்க் கழிமுகம், காட்டுப்பள்ளி, பழவேற்காட்டு ஏரி என நீர்நிலைகள் தொடர்ந்து கிடக்கின்றன. இந்நிலப்பகுதியில் பருவத்தின் இறுதிக் கூறாகிய தை, மாசித் திங்கள்களில் நிகழ்ந்த வாத்து வேட்டையையும், அதனைக் கட்டுப்படுத்தியவை எவை என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் பெயர்களைக் காண்போம். திணைக்குரிய கருப்பொருள்களுள் ஒன்றாகப் புள்ளைத் தொல்காப்பியம் வகுத்தது. பிற்கால இலக்கணமாகிய நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம், மருத நிலப் பறவைகளுள் நாரை, குருகு முதலியவற்றோடு தாராவையும் சேர்த்துரைக்கின்றது. தாரா என்னும் இச்சொல் மலையாளத்தில் இன்றும் வாத்தினைக் குறித்து வழங்குகின்றது. கிளுவை, நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் என்பன வலசை வருவன. சீழ்க்கைச் சிறகி, புள்ளிமூக்கு வாத்து என்பன இந்நாட்டிலேயே தங்கி இனம் பெருக்குவன. இவ்வேறுபாடு பின்னர்ச் சட்ட வரலாற்றை விளக்கப் பெரிதும் துணைசெய்யும்.

வலசை வாத்துகள் சைபீரியாவிலும் நடு ஆசியாவிலும் இனம்பெருக்கி, ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் தெற்கு நோக்கி வந்து, பங்குனியில் மீள்கின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பரத்பூரில் வளையமிட்டு விடுத்த வாத்துகள் சைபீரியாவில் அகப்பட்டமை இதற்குச் சான்றாகும். பறவைகள் தெற்கும் வடக்குமாகப் பெயர்ந்து செல்லும் இயல்பைத் தமிழர் அறியாதவர் அல்லர். வாடையில் நடுங்கிய சத்திமுத்தப் புலவர், குமரித்துறை ஆடி வடதிசைக்கு ஏகும் நாரையைத் தம் மனைவிக்குத் தூதாக விடுத்த பாடல் யாவரும் அறிந்ததே.

மேலைநாடுகளில் பருவ இறுதி வேட்டையைக் கடுங்குளிர் வரையறுக்கின்றது. அங்கே ஏரிகள் உறைய, உறையாது எஞ்சிய சிறு நீர்ப்பரப்பில் வாத்துகள் வந்து குழுமும். வேட்டுவனுக்கு அஃது எளிய காலம். சென்னையிலோ தைத் திங்களின் பின்னிரவிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசு அளவிலேயே நிற்கும். இங்கு நீர்ப்பரப்பைச் சுருக்குவது உறைபனியன்று, வறட்சியே. சென்னை பெறும் மழையில் ஏறத்தாழ 60 விழுக்காடு வடகிழக்குப் பருவக்காற்றால் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்துவிடுகின்றது. அதன்பின் சிற்றேரிகளும் சதுப்புகளும் ஒவ்வொன்றாக வற்ற, புட்கள் எஞ்சிய பெருநீரை நாடும். பகலில் அகன்ற நீரில் ஓய்ந்து, அந்தியில் எழுந்து, அறுவடை முடிந்த சம்பா வயல்களில் உதிர்மணி தேடி, வைகறையில் மீளும். அந்தியும் வைகறையுமே வேட்டைப் பொழுதுகளாயினமை இதனாலாகும். காரணம் வேறாயினும் விளைவு ஒன்றே: நீர் குறுகுமிடத்துப் புள் பெருகும், புள் பெருகுமிடத்து வேட்டை மிகும்.

ஐரோப்பியர் இப்பகுதியை எளிதில் அடைந்தமைக்குக் கால்வாய் ஒரு காரணம். பேசில் காக்ரேன் வெட்டிய கால்வாய் 1806இல் சென்னையை எண்ணூரோடு இணைத்தது. பின்னர்ப் பழவேற்காட்டிற்கும் அப்பாலும் நீண்டு, 1878இல் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர் பெற்றது. துப்பாக்கி ஏந்தியோர் படகிற் செல்ல அது நல்வழியாயிற்று. அவர்களுக்கு முன்னரே கண்ணியும் வலையும் கொண்டு, புட்குரலைத் தம் வாயால் எழுப்பிப் பறவைகளை அழைத்துப் பிடித்தவர் நரிக்குறவர் முதலாய வேட்டைக்குடியினர். இவ்விரு திறத்தாருள் ஐரோப்பியர் அறிவு ஜெர்டன், ஹியூம் முதலியோர் நூல்களில் நிலைபெற்றது. நம் வேட்டைக்குடியினர் அறிவு வாய்மொழியாகவே நின்றது. கழிநிலப் புட்பெயர்களை ஆராய்வோர் இக்குறையை முதலில் உணர்தல் வேண்டும்.

இனிச் சட்டத்தை நோக்குவாம். இங்கிலாந்தில் 1880ஆம் ஆண்டுச் சட்டம் மார்ச்சு முதல் ஆகசுட்டு முதல்நாள் வரை காட்டுப் பறவைகளைக் கொல்லுதலைத் தடுத்தது. அஃது அங்குப் பறவைகள் இணைந்து முட்டையிடும் காலம். அக்கருத்தையே அடியொற்றி, இந்தியாவில் 1887ஆம் ஆண்டுச் சட்டமும், புதிதாகக் கொன்ற பறவையை அதன் இனப்பெருக்கக் காலத்தில் வைத்திருத்தலையும் விற்றலையும் தடுக்க நகராட்சிகட்கு வழிசெய்தது. ஊசிவால் வாத்தும் கிளுவையும் முட்டையிடும் நாடு சைபீரியா. அவை இங்கு விருந்தாக மட்டுமே வருவன. ஆதலின் இச்சட்டம் சீழ்க்கைச் சிறகிக்குப் பயன்பட்டிருக்கலாமேயன்றி, தை, மாசித் திங்கள்களில் கழியில் குழுமிய வலசைப் புட்களுக்கு அரணாகவில்லை. 1912ஆம் ஆண்டுச் சட்டம் வாத்தினத்தைப் பட்டியலிற் சேர்த்து, தடைக்காலம் வகுக்கும் உரிமையை மாகாண அரசுகட்கு அளித்தது. எனினும் 1938 நவம்பர் 12ஆம் நாளன்று பரத்பூரில், வைசிராய் லின்லித்கோ பங்கேற்ற வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்ந்தன என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறுகின்றது. அக்காலத்து நிலைக்கு இவ்வொன்றே போதிய சான்று.

சட்டத்திற்கு முன்பே வழக்காறு காவல் செய்த இடமும் உண்டு. பழைய செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஊரார், படைவீரர் பறவைகளைச் சுடுதலை எதிர்த்து, 1798இல் கலெக்டர் லயனல் பிளேசிடம் காப்புரிமை பெற்றனர் என்பர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாதலை அவர்கள் அறிந்திருந்தனர். பழவேற்காடும் அன்று அம்மாவட்டத்ததே. ஆயினும் அங்கு அத்தகைய காவல் எழவில்லை. கழிநீர் உவர்நீராதலின் வயலுக்குப் பாயாது. புள்ளைக் காப்பதால் உழவர்க்கு நேர்ப்பயன் இல்லை. இதுவே காரணமாகும் என்பது எம் கருத்து.

விடுதலைக்குப் பின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை உரிமத்தின்கீழ்க் கொணர்ந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டை உரிமங்களையும் ஒழித்தது. 1980இல் பழவேற்காட்டின் தமிழ்நாட்டுப் பகுதி சரணாலயமாயிற்று. ஆனால் துப்பாக்கி அடங்கிய அதே காலத்தில் நீர்நிலை குறையத் தொடங்கியது. 1969இல் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையமும், 1994இல் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் இயங்கத் தொடங்கின. கழியின் பகுதிகள் மேடாக்கப்பட்டன. கொசத்தலையாற்றில் நிலக்கரிச் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்வெள்ளத்தோடு பரவிய எண்ணெய், எண்ணூர்க் கழியில் கூழைக்கடாக்களின் சிறகிற் படிந்தது. அப்பறவைகளை எவரும் சுடவில்லை.

இதுகாறும் கூறியவாற்றான், இக்கழிநிலத்துப் பருவ இறுதி வேட்டையை உருவாக்கியது நீரின் சுருக்கமே என்பதும், 1887ஆம் ஆண்டுச் சட்டம் முட்டையிடும் இடத்தை எண்ணியதேயன்றி விருந்தாக வந்து தங்கும் இடத்தை எண்ணவில்லை என்பதும் பெறப்படும். வேட்டையைத் தடுத்த பிற்காலச் சட்டமும் புள்ளின் உயிரைக் காத்த அளவிற்கு அதன் நீரைக் காக்கவில்லை. முன்னாளில் வறட்சி ஆண்டுதோறும் சுருக்கிய நீரை அடுத்த ஐப்பசி மழை நிறைத்தது. மண்ணும் சாம்பலும் இட்டு மூடிய கழியை எம்மழையும் மீட்டு நிறைப்பதில்லை. ஆதலின் நீர்ப்புள் காவல் என்பது நீர்க்காவலே எனக் கோடல் வேண்டும்.