யானையைக் கொடுத்தார்கள், ஏரியைக் கொடுக்கவில்லை

1

2004-இல் சைதாப்பேட்டை பஜார் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஒரு ப்ரௌசிங் சென்டர் இருந்தது. ஆறு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன், ஒரு மணி நேரத்துக்கு 15 ரூபாய். ரெஸ்யூம் டைப் அடிக்க வருகிறவர்கள் போன பிறகு, ஆறையும் கேபிளில் இணைத்து ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ ஆடுவோம்.

கடையைப் பார்த்துக்கொண்ட அண்ணனும் எங்களோடு ஆடுவார். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் மூன்று தடவை படித்தவர். எப்போதும் பாரசீகர்களைத்தான் எடுப்பார்.

“ஏண்ணா எப்பவும் பெர்ஷியன்ஸ்?”

“யானை இருக்குல்ல. யானை இருந்தா சோழன்டா.”

சரிதான் என்று எங்களுக்கும் தோன்றியது. 1999-இல் வெளியான அந்த விளையாட்டில் 13 நாகரிகங்கள். பிரிட்டன், ஜப்பான், மங்கோலியா எல்லாம் உண்டு. இந்தியா கிடையாது. 2000-இல் வந்த ‘தி கான்கரர்ஸ்’ விரிவாக்கம் இன்னும் ஐந்தைச் சேர்த்தது. அஸ்டெக், மாயா, ஸ்பெயின், ஹூணர், கொரியா. அதிலும் நாம் இல்லை. ரோமும் வைகிங்கும் பள்ளியில் படிப்பதற்கு முன்பே எங்களுக்கு அத்துப்படி. ராஜராஜனைத்தான் பாரசீக வேடத்தில் உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது.

மூல விளையாட்டா, அதன் விரிவாக்கமா, எது மேல்? ஆடுகிறவர்கள் நடுவில் ஓயாமல் நடக்கும் சண்டை இது. வழக்கமாக, சமநிலை கெட்டதா, புதுப் படைகள் தேவையா என்று பேசுவார்கள். எனக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரி வந்து சேர்ந்தது. ஒரு விளையாட்டு நம் வரலாற்றை முழுசாக விட்டுவிடுவது நல்லதா, பாதியாகச் சொல்வது நல்லதா?

2

2012-இல் ரசிகர்கள் சிலர் சேர்ந்து ‘ஃபர்காட்டன் எம்பயர்ஸ்’ என்று ஒரு மாட் செய்தார்கள். அது அடுத்த ஆண்டே ‘தி ஃபர்காட்டன்’ என்ற பெயரில் அதிகாரப்பூர்வ விரிவாக்கமானது. அதில்தான் முதல்முறையாக ‘இந்தியர்கள்’ வந்தார்கள். யானை மேல் அம்பெய்யும் வீரன் அவர்களுடைய தனிப்படை. கூடவே வலுவான ஒட்டகப்படை.

ஒட்டகம்! தஞ்சாவூரில்!

அந்த இந்தியர்களை டெல்லி சுல்தான்களையும் ராஜபுத்திரர்களையும் மனதில் வைத்துத்தான் வடித்திருந்தார்கள் என்பது ஐந்து நிமிடம் ஆடினாலே தெரிந்துவிடும். ஆயிரம் ஆண்டு, ஒரு துணைக்கண்டம், ஒரே நாகரிகம். ஐரோப்பாவில் மட்டும் பிராங்க், டியூட்டன், கோத், இத்தாலி என்று வகைவகையாகப் பிரித்திருந்தார்கள்.

இந்தத் தவறில் ஒரு சௌகரியம் இருந்தது. அது தவறு என்று பார்த்தவுடனே தெரியும். யாரும் அதை நம்பி வரலாறு படிக்கப் போவதில்லை.

3

2022 ஏப்ரல் 28. ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ வெளியானது. பழைய ‘இந்தியர்கள்’ இந்துஸ்தானிகளாகப் பெயர் மாறினார்கள். வங்காளிகள், கூர்ஜரர்கள், திராவிடர்கள் என்று மூன்று புதிய நாகரிகங்கள் வந்தன. திராவிடர்களுக்கான கதைத்தொடரின் நாயகன் ராஜேந்திர சோழன்.

அன்று ராத்திரி ஒரு குடியானவனை க்ளிக் செய்தேன். தமிழில் பதில் சொன்னான். பொய் சொல்வானேன், கண் கலங்கிவிட்டது. பதினெட்டு வருஷமாகப் பாரசீகத்தில் பேசிய சோழன் அன்றைக்குத்தான் வாய் திறந்தான்.

விளையாட்டாகப் பார்த்தால் இது முன்னேற்றம்தான், சந்தேகமே வேண்டாம். நான்கு நாகரிகங்களும் நான்கு விதமாக ஆடுகின்றன. திராவிடர்களிடம் ஐரோப்பிய பாணிக் குதிரை வீரர்கள் கிடையாது. காலாட்படையும் கப்பலும்தான் பலம். நிலம் மட்டுமே உள்ள வரைபடத்தில் திணறுவார்கள், தண்ணீர் இருந்தால் மிரட்டுவார்கள். இதில் கொஞ்சம் வரலாற்று நியாயமும் இருக்கிறது. தென்னிந்தியாவில் நல்ல போர்க்குதிரை பிறப்பதில்லை. அரபு நாடுகளிலிருந்து கடல் வழியாக, கொள்ளை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

‘வூட்ஸ் ஸ்டீல்’ என்று ஒரு தொழில்நுட்பம் வைத்திருக்கிறார்கள். அதை ஆராய்ந்துவிட்டால் நம் வாள் எதிரியின் கவசத்தை மதிக்காது. கவசத்தைக் கிழிப்பது மிகைதான், எஃகு உண்மை. மூசையில் உருக்கிய தென்னிந்திய எஃகு மேற்காசியா வரை போனது. அந்த ஆங்கிலப் பெயரே கன்னட ‘உக்கு’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். நம் ‘உருக்கு’க்கு உடன்பிறப்பு.

இன்னொன்று ‘மெடிக்கல் கோர்’. இதை ஆராய்ந்தால் அடிபட்ட யானைகள் தானாகக் குணமாகும். சோழர் காலத்து மருத்துவத்துக்குக் கல்வெட்டுச் சான்றே உண்டு. காஞ்சிபுரம் பக்கம் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒரு மருத்துவமனையை வர்ணிக்கிறது. 15 படுக்கை, ஒரு வைத்தியர், ஒரு அறுவை மருத்துவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள். அங்கே வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் வேதம் படித்த மாணவர்களும் கோயில் பணியாளர்களும்.

கல்வெட்டில் மாணவன் குணமாகிறான். விளையாட்டில் யானை குணமாகிறது. இந்த விரிவாக்கத்தின் போக்கு முழுக்க இதில் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். நம்மிடமிருந்து எதை எடுத்தாலும் அதைப் போர்க்களத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது.

4

என் அக்கா பையனுக்கு 13 வயது. அவனும் இதை ஆடுகிறான். ஒருநாள் கேட்டான்.

“மாமா, சாளுக்கியரும் திராவிடர், சோழரும் திராவிடர். அப்புறம் ஏன் மாமா அடிச்சிக்கிட்டாங்க?”

விளையாட்டின் கட்டமைப்புப்படி அவன் கேள்வி சரி. கல்யாணியைத் தலைநகராகக் கொண்ட சாளுக்கியரை ஆட நினைத்தால், நியாயமாக எடுக்கக்கூடிய நாகரிகம் திராவிடர்தான். ஆனால் 1054-இல் கொப்பம் போர்க்களத்தில் ராஜேந்திரனின் மகன் ராஜாதிராஜன் யானை மேலேயே உயிர்விட்டது அந்தச் சாளுக்கியரோடு நடந்த சண்டையில். தம்பி இரண்டாம் ராஜேந்திரன் களத்திலேயே முடிசூடிக்கொண்டான். அன்றைக்கு இரண்டு பக்கமும் தன்னைத் ‘திராவிடர்’ என்று நினைத்துப் போரிட்டவன் எவனும் இல்லை. அந்தச் சொல்லைத் தென்னக மொழிக் குடும்பத்தின் பெயராக நிலைநிறுத்தியது 1856-இல் வெளியான கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம். அரசியலில் அது ஊன்றியது அதற்கும் பின்னால். சேலம் மாநாட்டில் திராவிடர் கழகம் என்று பெயர் சூட்டப்பட்டது 1944-இல். 1967-இல் கருணாநிதியைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி எங்கள் சைதாப்பேட்டை. எங்களுக்கு அது தேர்தல் சுவரில் எழுதப்பட்ட சொல், நம்பிக்கையும் சண்டையும் நிறைந்த நவீனச் சொல். அதைப் பதினோராம் நூற்றாண்டு அரசனின் தலையில் கட்டினால் இரண்டுமே கோணலாகிவிடும்.

அப்படியானால் ‘தமிழர்’ என்றோ ‘சோழர்’ என்றோ வைத்திருந்தால் சரியாகியிருக்குமா? அதுவும் அவ்வளவு சுலபமில்லை. 1070-இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கனின் அப்பா வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கியர், அம்மா ராஜேந்திர சோழனின் மகள். அவனை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? நாகரிகம் என்பதைச் சட்டை மாதிரி தேர்ந்தெடுத்து மாட்டிக்கொள்ளச் சொல்வதுதான் அந்த விளையாட்டின் அடிப்படை. அடிப்படையே அப்படி இருக்கும்போது, எத்தனை சட்டை சேர்த்தாலும் குலோத்துங்கனுக்கு அளவு சேராது.

5

பையனின் அடுத்த கேள்வி: “ராஜேந்திரன் ஸ்ரீவிஜயத்து மேல ஏன் மாமா போனாரு?”

விளையாட்டில் இதற்குப் பதில் எளிது. எதிரி சிவப்பு நிறத்தில் இருக்கிறான், போ, அடி. வரலாறு அப்படி இல்லை.

1006-ஐ ஒட்டி, ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினார். சைவனான ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைத் தானமாகக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று நாம் சொல்வது இந்தத் தானத்தின் பத்திரம்தான். ஏறக்குறைய இருபதே ஆண்டு கழித்து, 1025-இல், அவன் மகனின் கப்பல்கள் அதே ஸ்ரீவிஜயத்தின் மேல் பாய்கின்றன. கடாரம், பண்ணை, மலையூர், இலங்காசோகம் என்று தாக்கப்பட்ட ஊர்களின் பட்டியலைத் தஞ்சைக் கல்வெட்டு தருகிறது.

நடுவில் என்ன ஆனது? சீன வணிகத்துக்கு ஸ்ரீவிஜயம் குறுக்கே நின்றது என்பது ஒரு விளக்கம். சோழ அரசே கொள்ளைப் பொருளைப் பங்கிட்டு நின்ற அரசுதான் என்று ஜார்ஜ் ஸ்பென்சர் 1983-இல் எழுதினார். ராஜேந்திரன் புகழ் தேடிப் போனான் என்று நினைப்பவர்களும் உண்டு. இந்தக் கேள்வி இன்னும் மூடவில்லை. மூடாத கேள்வியை வைத்து ‘மிஷன் கம்ப்ளீட்’ போட முடியாது என்பதால் விளையாட்டு அதைத் தொடவில்லை.

இன்னொரு விஷயம். படை போய்த் திரும்பியதற்கு அறுபது ஆண்டுக்குப் பிறகு, 1088-இல், சுமத்ராவின் பாருஸ் பகுதியில் ஒரு தமிழ்க் கல்வெட்டு வெட்டப்பட்டது. வெட்டுவித்தவர்கள் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கூட்டத்தார். வாள் போய்த் திரும்பிவிட்டது, தராசு அங்கேயே இருந்தது. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ இந்த வணிகர்களை மார்க்கெட்டுகளுக்கு நடுவில் போய்வரும் வண்டியாக, துறைமுகங்களுக்கு நடுவில் போய்வரும் கப்பலாக மட்டும் பார்க்கிறது. 2025-இல் வந்த ‘சிவிலைசேஷன் 7’ இதில் ஒரு படி மேல். அதன் சோழர்கள் மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுக்களின் பெயரில் கட்டடம் எழுப்பி, இரண்டையும் சேர்த்து ஐந்நூற்றுவர் வட்டாரம் அமைக்கலாம். அங்கே கப்பலுக்கு வைத்த பெயரும் ‘கலம்’. ராஜராஜன் காந்தளூர்ச் சாலையில் அறுத்த ‘கலம்’ கப்பலா, சோற்று வட்டிலா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடும் அதே சொல்.

வணிகன் ஊருக்கு என்ன விட்டுப்போவான் என்பது சைதாப்பேட்டைக்காரனுக்குத் தெரியும். அடையாற்றின் மேல் முதலில் இங்கே பாலம் கட்டியது எந்த ராஜாவும் இல்லை. 1726-இல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர் தன் சொந்தப் பணத்தில் கட்டினார். மர்மலாங் பாலம். இன்று அந்த இடத்தில் நிற்கும் பாலத்துக்கு மறைமலை அடிகள் பெயர்.

6

அந்தப் பாலத்தைத் தொட்டுக்கொண்டு 2015 டிசம்பரில் அடையாறு ஓடியது. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பழைய கம்ப்யூட்டர் நனைந்து செத்தது. அதில் பத்து வருஷத்து சேவ் ஃபைல் எல்லாம் இருந்தன, பாரசீகச் சோழர்களின் பேரரசுகள். அப்பா மொட்டை மாடியில் நின்றுகொண்டு, “இங்க பக்கத்துல ஒரு பெரிய ஏரியே இருந்துச்சுடா” என்றார். உண்மை. மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியை 1920களில் தூர்த்துத்தான் தி.நகர் உருவானது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது. வியூவும் இல்லை, லேக்கும் இல்லை.

இதற்குப் பிறகுதான் விளையாட்டில் ஒன்று உறுத்த ஆரம்பித்தது. அதில் வயல் போட 60 மரம் போதும், தண்ணீரே வேண்டாம். பாலைவனத்திலும் விளையும். திராவிடர்களுக்கும் அதே வயல்தான்.

சோழநாட்டில் தண்ணீர்தான் அரசியல். உத்திரமேரூர்க் கல்வெட்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், ஓலையைக் குடத்திலிட்டுத் தேர்ந்தெடுத்த குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். மதகு, வண்டல், கரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்தத் தேர்தலில் நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களுக்குத்தான் இடம். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பெருமையோடு வேலியையும் காட்டினால்தான் அது வரலாறு.

ராஜேந்திரன் கங்கை வரை படை அனுப்பி ஜெயித்த பிறகு என்ன செய்தான்? கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழகங்கம் என்ற ஏரியை வெட்டினான். திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீரால் ஆன வெற்றித்தூண் என்கிறது. விளையாட்டில் ஜெயிக்க ஒரு வழி, ‘வொண்டர்’ என்று ஒரு அதிசயக் கட்டடம் கட்டிக் காப்பாற்றுவது. ராஜேந்திரனோ தன் மிகப் பெரிய வடதிசை வெற்றிக்கு அடையாளமாக ஒரு குளத்தைக் காட்டினான். பொன்னேரி என்ற பெயரில் அது இன்றும் கிடக்கிறது.

சரி, எது மேல்? என் தீர்ப்பு இது. ஆட்டமாக, விரிவாக்கம் மூலத்தைவிட மேல். வரலாறாகவும் மேல்தான், ஆனால் கூடுதல் ஆபத்தோடு. பாரசீக யானையைச் சோழ யானை என்று ஆடியபோது எங்களுக்கு அது பாவனை என்று தெரியும், மீதியைத் தேடிப் புத்தகத்துக்குப் போனோம். தமிழிலேயே பேசுகிறவனைப் பார்த்தால் மீதி எதுவும் இல்லை என்று தோன்றிவிடும். யானை, உருமி, எஃகு, கப்பல். போதுமே என்று இருந்துவிடலாம்.

போன மாதம் அக்கா பையனை ஜெயங்கொண்டம் பக்கம் கூட்டிப்போனேன். கோயிலைப் பார்த்து வாய் பிளந்தான். பிறகு ஏரிக்கரைக்குப் போனோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

“இதையாடா மாமா அவ்ளோ பெருசா சொன்ன?” என்று கேட்பான் என நினைத்தேன். அவன் கேட்டது வேறு.

“மாமா, இத கேம்ல வெச்சா எவ்ளோ நேரம் ஆகும் கட்றதுக்கு?”

யோசித்துப் பார்த்தேன். கட்டுவதற்குச் சில நிமிடம் வைக்கலாம். வருஷா வருஷம் தூர்வாருவதற்கு என்ன வைப்பது?