பழங்கட்டடங்களில் பல்கலைக் கல்வி

1857ஆம் ஆண்டு என்றதும் நம் நினைவுக்கு வருவது வட இந்தியாவில் மூண்ட பெரும் புரட்சி. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் இரண்டு கல்வி விதைகள் ஊன்றப்பட்டன. ஒன்று, சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகம். மற்றொன்று, புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இராமச்சந்திரத் தொண்டைமான் ஆட்சியில் தொடங்கிய ஒரு பள்ளிக்கூடம். முன்னது கடற்கரையில் பெரும் மாளிகைகளாக வளர்ந்தது. பின்னது 1880இல் கல்லூரியாக உயர்ந்தது. இன்று மாட்சிமை தங்கிய மன்னர் கல்லூரி என்ற பெயரில், பாரதிதாசன் பல்கலைக்கழகத்துடன் இணைந்த அரசுக் கல்லூரியாக அது விளங்குகிறது.

நகரத்தின் நடுவே நிற்கும் பழைய கட்டடங்களில் கல்லூரி நடத்துவது நல்லதா? இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமே என்று கேட்பவர்கள் பலர். அழகு, பழைமை என்ற சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு விடை காண முடியாது. வரலாற்றையும் பார்க்க வேண்டும். இயற்பியலையும் கேட்க வேண்டும். இரண்டையும் சேர்த்தே இக்கட்டுரையில் காண்போம்.

ஊரும் கல்லூரியும்

புதுக்கோட்டைக்கு முதன்முறை வருகிறவர்கள் அதன் தெருக்களைக் கண்டு வியப்பதுண்டு. கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி என்று நேர்கோட்டில் செல்லும் வீதிகள். அவற்றைச் செங்கோணத்தில் வெட்டும் குறுக்கு வீதிகள். வரைபடத் தாளில் கட்டம் போட்டது போன்ற ஊர். இந்த ஊருக்குப் பொலிவூட்டியவர்களுள் முதன்மையானவர் திவான் சேஷய்ய சாஸ்திரி. திருவிதாங்கூரில் திவானாக இருந்துவிட்டு 1878இல் புதுக்கோட்டைக்கு வந்த அவர், 1894 வரை இங்கே பணியாற்றினார். குளங்கள் சீராயின, சாலைகள் அகன்றன, பொது அலுவலகக் கட்டடம் எழுந்தது. பள்ளி கல்லூரியானதும் அவர் காலத்தில்தான்.

அந்தக் கல்லூரியிலிருந்து வெளிவந்தவர்களைப் பாருங்கள். திருமயத்தில் பிறந்த தீரர் சத்தியமூர்த்தி இங்கே பயின்றவர். 1916இல் புதுக்கோட்டை சமஸ்தான வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட இராதாகிருஷ்ண ஐயர் இக்கல்லூரியின் முதல்வராக இருந்தவர். எல்லாவற்றிலும் நாம் மறக்கக் கூடாதது ஒரு மாணவியின் கதை.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, பள்ளியிறுதித் தேர்வில் வென்றபின் கல்லூரியில் சேர விரும்பினார். அதுவோ ஆண்கள் கல்லூரி. ஒரு பெண் வந்தால் ஆண் பிள்ளைகளின் ஒழுக்கம் கெடும் என்று எதிர்ப்பு எழுந்தது. அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு அனுமதி தந்தார். அந்த வாசலில் நுழைந்த பெண் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் மருத்துவரானார். 1927இல் சென்னைச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரானார். 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். ஒரு கட்டடத்தின் வரலாறு அதைக் கட்டியவருடன் முடிவதில்லை. யார் யாருக்கு அதன் கதவு திறந்தது என்பதும் அந்த வரலாற்றின் பகுதியே.

1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்தது. 1974 ஜனவரி 14ஆம் நாள் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. அரசர் வாழ்ந்த அரண்மனை மாவட்ட ஆட்சியர் அலுவலகமாயிற்று. இன்று மனுவோடு செல்லும் எந்தக் குடிமகனும் அதன் படியேறலாம். அரசருக்காக எழுந்த சுவர்கள் பொதுமக்களுக்குப் பயன்படுவது புதுக்கோட்டையில் பழகிப்போன செய்தி.

அரண்மனையில் பொறியியல்

சென்னையிலும் இதே கதைதான். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 18ஆம் நூற்றாண்டில் சேப்பாக்கத்தில் ஓர் அரண்மனை எழுப்பினார். அதன் இரு பெரும் பகுதிகள் கலச மகால், ஹுமாயூன் மகால். 1855இல் நவாப் பரம்பரையின் ஆட்சிப் பட்டம் முடிவுக்கு வந்தபின் அரண்மனை அரசின் கைக்கு வந்தது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி, பின்னர் பொறியியல் கல்லூரியாக வளர்ந்த நிறுவனம் பல்லாண்டுகள் சேப்பாக்கத்தில் நடைபெற்றது. 1920இல்தான் அது கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரி அதுவே.

அருகிலேயே மாநிலக் கல்லூரி. இராபர்ட் சிஷோம் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் எழுந்து 1870இல் திறக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபமும் அவர் கைவண்ணமே. 1879இல் அது நிறைவுற்றது. மாநிலக் கல்லூரியில் ஒரு மாணவர் நிறமாலைமானியைக் கொண்டு முப்பட்டகத்தின் கோணத்தை அளந்துகொண்டிருந்தபோது, ஒளியின் விளிம்பு விளைவுப் பட்டைகள் சமச்சீர் இன்றி அமைவதைக் கண்டார். 1906 நவம்பரில் அவரது கட்டுரை இலண்டன் ஆய்விதழ் ஒன்றில் வெளியாயிற்று. அப்போது அவருக்கு வயது 18. அவர்தாம் சி. வி. இராமன். பின்னாளில் அதே கல்லூரியில் பயின்ற எஸ். சந்திரசேகர், மாணவராக இருந்தபோதே ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். இருவரும் நோபல் பரிசு பெற்றனர். கட்டடம் நோபல் பரிசு வாங்கித் தராது. ஆயினும் அமைதியான, குளிர்ச்சியான, வெளிச்சமுள்ள அறை படிப்புக்கு உதவும் என்பதை எவரும் மறுக்க மாட்டார்கள்.

சுவருக்குள் செல்லும் வெப்ப அலை

இப்போது இயற்பியலுக்கு வருவோம். ஏப்ரல் மாதத்தில் நம் ஊரில் வெளியே கால் வைக்க முடியாது. பழைய கட்டடத்துள் நுழைந்தால் ‘அப்பாடா’ என்றிருக்கும். காரணம் என்ன?

வெயில் ஏறுவதும் இறங்குவதும் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை நிகழும் ஓர் அலைவு. இந்த அலைவு சுவரின் வெளிப்பரப்பில் தொடங்கி உள்நோக்கிச் செல்கிறது. செல்லச் செல்ல இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன: அலையின் வீச்சு குறைகிறது, அலை காலத்தில் பின்தங்குகிறது. செங்கல்லின் வெப்பக் கடத்துதிறன், அடர்த்தி, வெப்ப ஏற்புத்திறன் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டால், ஏறத்தாழ ஒவ்வொரு 12 செ.மீ. ஆழத்திற்கும் வீச்சு மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று மிகுதியாக எஞ்சும். அலை கிட்டத்தட்ட 4 மணி நேரம் பின்தங்கும்.

இன்றைய வீட்டின் 9 அங்குலச் சுவரை, அதாவது 23 செ.மீ. சுவரை எடுத்துக்கொள்வோம். இது இரண்டு படி. வெளிப்பரப்பில் வெப்பநிலை 25 டிகிரி ஏறி இறங்குமானால், உள்ளே ஏறத்தாழ மூன்றரை டிகிரி ஏறி இறங்கும். பிற்பகல் 2 மணிக்கு வெளியே உச்சம். உள்ளே உச்சம் இரவு 9 அல்லது 10 மணிக்கு. ‘வெயில் போய்விட்டது, ஆனால் சுவர் அனலாய்க் கொதிக்கிறதே’ என்று நாம் புலம்புவது அந்த நேரத்தில்தானே!

பழைய கட்டடத்தின் ஒன்றரை அடிச் சுவர் 46 செ.மீ. கனம் உடையது. இது நான்கு படி. வீச்சு ஐம்பதில் ஒரு பங்காகிவிடும். வெளியே 25 டிகிரி மாறினால் உள்ளே அரை டிகிரி! அந்த அரை டிகிரியும் சுமார் 15 மணி நேரம் கழித்து, விடியற்காலை 5 மணிக்கு வந்து சேரும். அப்போது வெளிக்காற்று குளிர்ந்திருக்கும்; சன்னலைத் திறந்தால் போதும். இது தோராயக் கணக்குதான். கூரை, சன்னல், காற்றோட்டம் ஆகியவையும் விளைவை மாற்றும். எனினும் தடித்த சுவர் வீண் செலவன்று என்பது இதிலிருந்து விளங்கும்.

கூரையும் அப்படியே. தேக்கு உத்தரங்களின்மீது குறுக்குச் சட்டங்கள். அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்த அடுக்கு. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த கனத்த தளம். எல்லாவற்றிற்கும் மேலே தட்டோடு. இதுவே ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப்படும் முறை. இன்றைய மெல்லிய கான்கிரீட் தளத்தை வெப்ப அலை பிற்பகலிலேயே கடந்துவிடுகிறது. இந்தக் கனத்த தளமோ அதை நெடுநேரம் தடுத்து வைக்கிறது.

உயர்ந்த கூரை தரும் தொல்லை

பழைய கட்டடங்களில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆசிரியனாகிய எனக்கு நன்கு தெரிந்த குறை ஒன்று உண்டு: எதிர்முழக்கம். உயர்ந்த கூரை, வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், கல் பாவிய தரை. மூன்றும் ஒலியைத் திருப்பி எறிபவை. ஒரு சொல் அடங்குமுன் அடுத்த சொல் வந்துவிட்டால் மாணவருக்கு எதுவும் புரியாது.

இதை முதலில் ஆராய்ந்தவரும் ஓர் இளம் இயற்பியல் ஆசிரியரே. 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகத் திறந்த விரிவுரை மண்டபத்தில் பேச்சு விளங்கவில்லை. அதைச் சீர்செய்யும் வேலை வாலஸ் சாபின் என்பவரிடம் வந்தது. அருகிலிருந்த அரங்கின் மெத்தைகளை இரவில் மண்டபத்துக்குச் சுமந்துவந்து அடுக்கி, ஒலி அடங்க எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்தார். முடிவில் ஓர் எளிய விதி கிடைத்தது. அறையின் கன அளவை மீட்டரில் கணக்கிட்டு, 0.16ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த ஒலி உட்கவர்தலால் வகுத்தால், எதிர்முழக்க நேரம் வினாடியில் கிடைக்கும். உட்கவர்தலுக்கு அவர் கொண்ட அலகு என்ன தெரியுமா? திறந்த சன்னல்! வெளியே போன ஒலி திரும்பி வராதல்லவா?

12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம் உள்ள ஒரு பழைய வகுப்பறையைக் கருதுவோம். கன அளவு 576 கன மீட்டர். காலியாக, கதவுகளை மூடி வைத்தால் உட்கவர்தல் சுமார் 13 அலகு. ஒலி அடங்க 7 வினாடி. 20 சதுர மீட்டர் அளவுக்குக் கதவு, சன்னல்களைத் திறந்தால் 3 வினாடிக்குள் வரும். 60 மாணவர்கள் வந்து அமர்ந்தால் ஒன்றரை வினாடி. ஆகவே அந்தப் பெரிய சன்னல்கள் காற்றுக்கு மட்டுமல்ல, காதுக்கும் உரியவை. சன்னலில் பாதியைப் பலகையால் அடைத்துவிட்டு ‘இந்த அறையில் பாடம் கேட்கவில்லை’ என்று குறை கூறுவது நியாயமன்று.

நன்மை செய்வதாக எண்ணிச் செய்யும் தீமை

பழங்கட்டடத்துக்கு வயது மட்டுமே பகையன்று. அறியாமல் செய்யும் பழுதுபார்ப்பும் பெரும்பகை. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கரியமில வாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் நீர் ஊற்றினால் நீற்றுச் சுண்ணாம்பு. சுவரில் பூசியபின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் சுண்ணாம்புக்கல்லாகவே மாறுகிறது. இந்தப் பூச்சில் நுண்துளைகள் மிகுதி. தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் அவற்றின் வழியே ஆவியாகி வெளியேறும்.

நான் அறிந்த ஒரு பழைய கட்டடத்தில் உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டுச் சிமெண்டு பூசி, மேலே பளபளப்பான வண்ணமும் அடித்தார்கள். பார்க்கப் புதிதாயிருந்தது. சில மழைக்காலங்கள் சென்றன. வெளியேற வழியில்லாத ஈரம் உள்ளேயே தங்கி, மேலும் மேலும் ஏறியது. உப்புப் பூத்தது, சிமெண்டு தகடு தகடாகப் பெயர்ந்தது, உள்ளிருந்த செங்கல்லும் பொடிந்தது. ‘பழசு, இனித் தேறாது’ என்று தீர்ப்பும் வந்துவிட்டது. குற்றம் பழைமையினுடையதா, பூசியவர்களுடையதா?

நெருப்பின் கதை இன்னும் கொடியது. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் கலச மகாலில் தீப்பற்றியது. உள்ளே ஏராளமான காகிதக் கோப்புகள். மேலே மர உத்தரங்கள். கூரை இடிந்து விழுந்தது. தீயை அணைக்கச் சென்ற அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். இத்துடன் அந்தக் கட்டடம் முடிந்தது என்றே பலரும் நினைத்தனர். ஆனால் பொதுப்பணித் துறையினர் அதைப் பழைய முறையிலேயே புதுப்பித்தனர். இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இயங்குகிறது. எரிந்த கட்டடத்தையும் மீட்க முடியும். போன உயிரை மீட்க முடியாது. மின்கம்பிகளைச் சீர்செய்வதும், காகிதக் குவியலை அகற்றுவதும், தீயணைப்பு ஏற்பாடு செய்வதும் சிறிய செலவுகளே.

நீங்கள் செய்யத்தக்கவை

போர்ச்சுகல் நாட்டின் கோயிம்பரா நகரில், 1537 முதல் அரச மாளிகை ஒன்றில் பல்கலைக்கழகம் நடந்துவருகிறது. அங்கே மாணவர்கள் வந்துபோவதாலேயே அம்மாளிகை பிழைத்திருக்கிறது. ஆள் புழங்காத வீடு விரைவில் பாழாகும் என்பது நம் பாட்டிமார் சொல்லும் உண்மை. ஆகவே பழங்கட்டடத்தைப் பூட்டி வைப்பதும் காப்பாற்றுவதாகாது. அதன் இயல்பறிந்து பயன்படுத்துவதே காப்பு.

உங்கள் பள்ளியோ கல்லூரியோ பழைய கட்டடத்தில் நடந்தால், சில சோதனைகளைச் செய்து பாருங்கள். சன்னல் விளிம்பில் அளவுநாடாவை வைத்துச் சுவரின் கனத்தைக் குறியுங்கள். ஒரு வெப்பநிலைமானியைத் தடித்த சுவருள்ள அறையிலும் மற்றொன்றைப் புதிய அறையிலும் தொங்கவிட்டு, காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை மணிக்கு ஒருமுறை அளந்து வரைபடம் வரையுங்கள். காலி வகுப்பறையில் ஒருமுறை கை தட்டி, ஒலி அடங்கும் நேரத்தைக் கணியுங்கள். பிறகு சன்னல்களைத் திறந்துவிட்டு மீண்டும் தட்டுங்கள். மழைக்காலம் தொடங்குமுன் மாடியில் ஏறி, நீர் வடியும் தூம்பு அடைபட்டிருக்கிறதா, சுவர் வெடிப்பில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். கன்றாக இருக்கும்போது வேரோடு களைவது எளிது. மரமான பின் சுவரையும் சேர்த்தே இழக்க நேரும்.

ஒரு கட்டடத்தை இடிக்க வேண்டும் என்று எவரேனும் சொன்னால், உங்கள் வரைபடத்தை எடுத்துக் காட்டுங்கள். அளந்த பிறகும் அது தாங்காது என்று தெரிந்தால் இடிக்கலாம். மாணவர் உயிரைவிடச் சுவர் பெரிதன்று. ஆனால் அளக்காமல் இடிக்கலாகாது. முத்துலட்சுமி போன்றோருக்குத் திறந்த கதவைப் பெயர்த்தெடுக்குமுன், அந்தக் கதவு இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று கேட்பது நம் கடமை.