நண்பனுக்காகக் காதலியை விட்டுக்கொடுத்தவன்

ஷேக்ஸ்பியரின் முதல் நாடகம் 'வெரோனாவின் இரு கனவான்கள்'தான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. 1589-க்கும் 1593-க்கும் இடையில் எழுதப்பட்டிருக்கலாம் என்பது பொதுவான கணிப்பு. 1598-ல் பிரான்சிஸ் மியர்ஸ் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைப் பட்டியலிட்டபோது, இன்பியல் நாடகங்களின் வரிசையில் இதைத்தான் முதலில் வைத்தார். அச்சேறியது 1623-ல். ஷேக்ஸ்பியர் மறைந்து 7 ஆண்டுகள் கழித்து, அவருடன் நடித்தவர்கள் 36 நாடகங்களைத் திரட்டி வெளியிட்ட பெருந்தொகுப்பில் இது இரண்டாவதாக இடம்பெற்றது.

இளம் கை எழுதியது என்பதற்கு நாடகத்துக்குள்ளேயே தடயங்கள் இருக்கின்றன. கடலே இல்லாத வெரோனாவில் கப்பலேற ஓதம் பார்த்துக் காத்திருக்கிறார்கள். மிலான் நகருக்கு வந்து சேர்ந்த வேலைக்காரனை இன்னொரு வேலைக்காரன் பதுவா நகருக்கு வரவேற்கிறான். மிலானில் அமர்ந்திருக்கும் பிரபு, தான் வெரோனாவில் இருப்பதாகப் பேசுகிறார். பிற்காலப் பதிப்பாசிரியர்கள் ஊர்ப்பெயர்களைத் திருத்திவிட்டார்கள். எந்தப் பதிப்பாசிரியராலும் திருத்த முடியாத சிக்கல் ஒன்று கடைசிக் காட்சியில் இருக்கிறது. அதன் வேர் இந்த நாடகத்தைவிட மிகப் பழையது.

நாடகத்தில் இரண்டு கதைகள் கலந்திருக்கின்றன. ஒன்று, சுமார் 1559-ல் வெளியான ஸ்பானிய நாவலான 'டயானா'. எழுதியவர் ஜார்ஜ் டி மான்ட்டிமேயர். தன்னைப் பிரிந்துபோன காதலனைத் தேடி ஃபெலிஸ்மெனா என்ற பெண் ஆண் வேடத்தில் புறப்படுகிறாள். அவனிடமே ஏவலாளாகச் சேர்கிறாள். அவனுடைய புதுக் காதலிக்கு அவளே தூது போகிறாள். அந்தக் கதையில் நண்பன் என்று யாரும் இல்லை.

நட்பு வந்தது இன்னொரு கதையிலிருந்து. இத்தாலியின் பொக்காச்சியோ 14-ஆம் நூற்றாண்டில் எழுதிய 'டெக்கமரான்' நூலில் ஜிசிப்போ, டீட்டோ என்ற இரு நண்பர்கள் வருகிறார்கள். ஜிசிப்போவுக்கு நிச்சயித்த பெண் சொஃப்ரோனியாவை டீட்டோ மனதுக்குள் விரும்பி, அந்த ஏக்கத்தில் படுக்கையில் விழுகிறான். விஷயம் தெரிந்த ஜிசிப்போ அவளை நண்பனுக்கே விட்டுக்கொடுக்கிறான். மணநாள் இரவின் இருட்டில் மாப்பிள்ளை மாறுகிறான்; தன்னிடம் வந்தது யாரென்று மணப்பெண்ணுக்குத் தெரியாது. தாமஸ் எலியட் 1531-ல் வெளியிட்ட, ஆளப்பிறந்தவர்களுக்கான கல்வி நூலில் இதே கதையை உன்னதமான நட்புக்கு உதாரணமாக எடுத்துச் சொன்னார். ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான நட்பே மனித உறவுகளில் தலையாயது, பெண் மீதான ஆசை அதற்கு ஒரு படி கீழே என்பது அந்தக் காலத்துப் படித்தவர்கள் நம்பிய கொள்கை. சொஃப்ரோனியாவின் சம்மதத்தை யாரும் கேட்காததைக் குறையாகவே அவர்கள் எண்ணவில்லை.

இந்த இரண்டையும் ஷேக்ஸ்பியர் ஒரே கயிறாகத் திரித்தார். வெரோனாவைச் சேர்ந்த உயிர்த்தோழர்கள் வாலண்டைனும் புரோட்டியஸும். உலகம் பார்க்க வாலண்டைன் மிலானுக்குப் போகிறான். ஜூலியாவைக் காதலிக்கும் புரோட்டியஸ் ஊரிலேயே தங்குகிறான். பிறகு தந்தை அவனையும் மிலானுக்கு அனுப்ப, காதலர்கள் மோதிரம் மாற்றிக்கொண்டு பிரிகிறார்கள். மிலானில் வாலண்டைன் பிரபுவின் மகள் சில்வியாவின் மனதை வென்றிருக்கிறான். அவளைக் கண்டதும் புரோட்டியஸ் ஜூலியாவை மறக்கிறான். கயிற்றேணி போட்டுச் சில்வியாவை அழைத்துச் செல்ல நண்பன் போட்ட திட்டத்தைப் பிரபுவிடம் காட்டிக்கொடுக்கிறான். நாடு கடத்தப்பட்ட வாலண்டைனைக் காட்டில் கொள்ளைக்காரர்கள் தலைவனாக்கிக்கொள்கிறார்கள்.

இதற்குள் ஜூலியா ஆண் வேடத்தில் மிலானுக்கு வந்துவிடுகிறாள். சில்வியாவின் மாளிகைக்கு வெளியே புரோட்டியஸ் ஏற்பாடு செய்த பாட்டை அவள் இருட்டில் நின்று கேட்கும் காட்சிதான் நாடகத்தின் உயிர். சில்வியாவைப் புகழும் அந்தப் பாட்டு அத்தனை இனிமையானது. கேட்டு நிற்பவளுக்கு அதன் ஒவ்வொரு சொல்லும் முள். அதே பாட்டின் ஜெர்மன் வடிவத்துக்கு ஃபிரான்ஸ் ஷூபர்ட் 1826-ல் இசையமைத்தார். நாடகத்தைப் பார்த்திராத பல்லாயிரம் பேருக்கு அந்தப் பாட்டு தெரியும். அடுத்து புரோட்டியஸ், ஆள் தெரியாமல் அவளை ஏவலாளாகச் சேர்த்துக்கொண்டு, ஜூலியா தனக்குத் தந்த மோதிரத்தையே அவள் கையில் கொடுத்துச் சில்வியாவிடம் அனுப்புகிறான். சில்வியா வாங்க மறுக்கிறாள். முகமறியாத ஜூலியாவுக்காக மனம் இரங்குகிறாள். அந்த நாளில் ஆங்கில மேடையில் பெண் வேடம் போட்டவர்கள் சிறுவர்கள். ஆகவே பெண்ணாக நடித்த சிறுவன், ஆணாக வேடமிட்ட பெண்ணாக மறுபடி நடித்தான். பின்னாளில் போர்ஷியா, ரோசலின்ட், வயோலா என்ற பிற நாடக நாயகிகளில் வளர்ந்த உத்தியை ஷேக்ஸ்பியர் முதன்முதலில் பயின்றது ஜூலியாவில்தான்.

கடைசிக் காட்சி காட்டில் நடக்கிறது. வாலண்டைனைத் தேடி வந்த சில்வியா கொள்ளைக்காரர்களிடம் சிக்குகிறாள். புரோட்டியஸ் மீட்கிறான். அப்போதும் அவள் இணங்காததால் பலாத்காரத்தில் இறங்கப் பார்க்கிறான். மறைந்திருந்த வாலண்டைன் பாய்ந்து வந்து தடுக்கிறான். புரோட்டியஸ் ஐந்தே வரிகளில் மன்னிப்புக் கேட்கிறான். உடனே மனம் இளகிய வாலண்டைன், சில்வியாவில் தனக்கு உரியதையெல்லாம் நண்பனுக்குக் கொடுத்துவிட்டதாக ஒரே வரியில் சொல்கிறான். சில்வியா பக்கத்திலேயே நிற்கிறாள். புரோட்டியஸ் நெருங்கியபோது கடவுளைக் கூப்பிட்டதுதான் அவள் பேசிய கடைசிப் பேச்சு. திரை விழும்வரை அவளுக்கு வசனமே இல்லை.

சில்வியாவிடம் வைத்த அளவு அன்பை உன்னிடமும் வைக்கிறேன் என்பதே அந்த வரியின் பொருள் என்று சிலர் விளக்குகிறார்கள். ஆனால் அதைக் கேட்டவுடன், புரோட்டியஸுடன் ஆண் வேடத்தில் வந்திருந்த ஜூலியா மயங்கி விழுகிறாள். விட்டுக்கொடுத்தான் என்ற நேர்ப்பொருளுக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. ஏட்டில் படிக்கும்போது சொஃப்ரோனியாவை மறந்துவிடலாம். மேடையில் சில்வியா கண்முன்னே மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கிறாள். பழைய நட்புக் கொள்கை அவள் எதிரில் நிற்க முடியாமல் உடைகிறது. சிக்கலை முடித்துவைப்பதும் ஒரு பெண்தான். மயக்கம் தெளிந்த ஜூலியா மோதிரத்தைக் காட்டித் தான் யாரென்று சொல்ல, புரோட்டியஸ் அவளிடம் திரும்புகிறான்.

இந்த நாடகத்தில் உண்மையாகவே விட்டுக்கொடுத்தவன் ஒருவன் உண்டு. அவன் புரோட்டியஸின் வேலைக்காரன் லான்ஸ். அவனுக்குக் கிராப் என்றொரு நாய். பிரபுவின் சாப்பாட்டு மேசைக்கு அடியில் அது அசிங்கம் செய்தபோது, செய்தது நான்தான் என்று பழியை ஏற்று அடி வாங்கியவன் அவன். சில்வியாவுக்கு எஜமானர் அனுப்பிய குட்டி நாய் சந்தையில் திருடுபோனபோது, தன் கிராப்பையே பரிசாகக் கொண்டுபோய்க் கொடுத்தான். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் பெயரோடு நாய்க்கு ஒரு பாத்திரம் இருப்பது இதில் மட்டுமே. மேடையில் பார்வையாளர்களின் மனதை அதிகம் கவர்வதும் பெரும்பாலும் இந்த இருவர்தான்.

பதிவாகியுள்ள முதல் மேடையேற்றம் 1762-ல், லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் நடந்தது. அதற்காக நாடகத்தைத் திருத்திய பெஞ்சமின் விக்டர், சில்வியாவை விட்டுக்கொடுக்கும் வாலண்டைனின் அந்த ஒற்றை வரியை வெட்டிவிட்டு, லான்ஸுக்கும் நாய்க்கும் இடத்தைக் கூட்டினார். 1821-ல் இது இசை நாடகமானது. 1931-ல் சீனாவில் ருவான் லிங்யூ நடித்த மௌனப் படமானது. 1971-ல் நியூயார்க்கில் கால்ட் மெக்டெர்மாட் இசையில் ராக் இசை நாடகமாகி, மறுவருடம் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதைப் பெற்றது. 2012-ல் ஜிம்பாப்வேயின் இரண்டு நடிகர்கள் லண்டனின் குளோப் அரங்கில் ஷோனா மொழியில் எல்லாப் பாத்திரங்களையும் தாங்களே ஏற்று நடித்தார்கள்.

நாடகத்தின் கடைசி வசனம் வாலண்டைனுடையது. இரண்டு ஜோடிகளுக்கும் ஒரே நாளில் திருமணம், ஒரே விருந்து, ஒரே வீடு என்று அவன் புரோட்டியஸிடம் சொல்கிறான். அந்த நேரத்தில் சில்வியா யாரைப் பார்க்கிறாள் என்று 1623-ஆம் ஆண்டுப் பிரதியில் எந்தக் குறிப்பும் இல்லை. அதை ஒவ்வொரு நாடகக் குழுவும் ஒத்திகையில் தானே முடிவு செய்கிறது.